பழைய மடிக்கணினியில் வைஃபை அலை வலுவாகப் பிடிப்பதில்லை, புதியதில் வைஃபையே தெரிவதில்லை: லினக்ஸ் வன்பொருள் ஒத்திசைவு குறித்து உதவி தேவை

பொருநை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு மடிக்கணினிகள் உள்ளன. முதலாவது 2017இல் வாங்கியது. இன்டெலின் ஏழாம் தலைமுறைச் செயலியும், உடன் தனியாக ஒரு பழைய என்விடியா கிராபிக்ஸ் சிப்பும் கொண்டது. விண்டோஸ் 11க்குக் குறைந்தது எட்டாம் தலைமுறைச் செயலி வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் வரையறுத்துவிட்டது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் ஒரு கணினியை ஒதுக்கிவைக்க மனமில்லாமல் அதில் டெபியன் 12 என்ற லினக்ஸ் வகையை நிறுவினேன். தம்பி படிக்கும் பொறியியல் கல்லூரியின் ஆய்வகக் கணினிகளில் டெபியன் 12 இருப்பதால் அதையே தேர்ந்தெடுத்தேன். எல்லாம் இயங்குகிறது, வைஃபை மட்டும் ரௌட்டருக்குப் பக்கத்தில் அமர்ந்தால்தான் கிடைக்கிறது. அதே இடத்தில் கைப்பேசிக்கு முழு அலை கிடைக்கிறது. இதே கணினியில் விண்டோஸ் இருந்தபோது இந்தக் குறை இருந்ததில்லை.

இரண்டாவது மடிக்கணினி தம்பிக்காக அண்மையில் வாங்கியது. அதில் விண்டோஸ் 11 இருக்கிறது, அதை அழிக்காமல் பக்கத்திலேயே லினக்ஸையும் நிறுவ விரும்புகிறோம். நிறுவுவதற்கு முன் பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்த்தபோது டெபியன் 12இல் வைஃபை என்ற தெரிவே காணப்படவில்லை. அதே பென் டிரைவில் ஃபெடோரா என்ற மற்றொரு லினக்ஸ் வகையை ஏற்றி இயக்கினால் வைஃபை உடனே வந்துவிடுகிறது. இரண்டிலுமே நிறுவி (நிறுவும் நிரல்) கணினியின் உள்ளிருக்கும் சேமிப்பு வட்டான எஸ்எஸ்டியைக் காட்டவில்லை, கேமராவும் இல்லை என்றே வருகிறது. மூடியை மூடி வைத்தால் கணினி உறங்கியதுபோல் தெரிந்தாலும், திறக்கும்போது அடிப்பகுதி சூடாகவும் மின்கலம் வெகுவாகக் குறைந்தும் இருக்கிறது.

ஒரே கணினி ஒரு லினக்ஸில் இயங்கி மற்றொன்றில் இயங்காமல் போவதற்கு என்ன காரணம்? இதைச் சரிசெய்ய முடியுமா, அல்லது இந்த மடிக்கணினி லினக்ஸுக்கு ஒத்துவராது என்று விட்டுவிட வேண்டுமா? எங்கள் அத்தையும் லினக்ஸ் மட்டுமே வைத்துக்கொள்ளும் எண்ணத்துடன் ஒரு மடிக்கணினி வாங்கவிருப்பதால், வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

முனையம் எழுதியது

வணக்கம். ஒரு மடிக்கணினி லினக்ஸுக்கு ஒத்துவருமா என்று மொத்தமாகக் கேட்டால் சரியான விடை கிடைக்காது. மூடியின் மேல் ஒரு நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும் என்றாலும், உள்ளே வைஃபை, ஒலி, கேமரா, கைரேகை உணரி ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு நிறுவனங்களின் சிப்புகள். ஒரே மாதிரிப் பெயரில் விற்கப்படும் கணினிகளிலேயே ஒரு தொகுப்பில் ஒரு வைஃபை சிப்பும் அடுத்த தொகுப்பில் வேறொன்றும் இருப்பதுண்டு. எனவே கேள்வியைச் சிப்பு வாரியாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நாம் பயன்படுத்தும் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பதிப்பில் இயக்கி, அதாவது அந்தச் சிப்பை இயக்கும் நிரல், இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் கணினி ஃபெடோராவில் இயங்கி டெபியன் 12இல் இயங்காததன் காரணமும் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

டெபியன் 12 வெளியானது 2023 ஜூனில். அதில் உள்ள கெர்னல் 6.1, அது 2022 டிசம்பரில் வந்தது. டெபியன் ஒரு பதிப்பை வெளியிட்ட பிறகு அந்தக் கெர்னல் வரிசையை மாற்றுவதில்லை, பாதுகாப்புத் திருத்தங்களையும் பிழைத் திருத்தங்களையும் மட்டுமே சேர்க்கிறது. நிலைத்தன்மை வேண்டுவோருக்கு அது பெரிய வரம். ஆனால் 6.1க்குப் பிறகு இயக்கி எழுதப்பட்ட சிப்புகள் அதற்குத் தெரியாது. எடுத்துக்காட்டாக, விலை குறைந்த மடிக்கணினிகளில் பரவலாகக் காணப்படும் ரியல்டெக் ஆர்டிஎல்8852பிஇ என்ற வைஃபை 6 சிப்புக்கான இயக்கி 6.2 கெர்னலில், அதாவது 2023 பிப்ரவரியில்தான் சேர்ந்தது. இரண்டு மாத இடைவெளியில் அது டெபியன் 12க்கு வெளியே நின்றுவிட்டது. ஃபெடோரா தன் கெர்னலைத் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே வருவதால் அங்கே இந்தத் தடை இல்லை.

உங்கள் சிப்பு எது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரமான முனையத்தைத் திறந்து, பாகங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை என்என்கே என்ற சிறிய எழுத்துச் சுட்டுகளுடன் இயக்கினால், ஒவ்வொரு பாகத்தின் பெயருக்குப் பக்கத்திலும் சதுர அடைப்புக்குள் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட இரண்டு எண்கள் வரும். முதல் எண் தயாரித்த நிறுவனத்தைக் குறிக்கும். 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டியின் கிராபிக்ஸ் பிரிவு, 14சி3 என்றால் மீடியாடெக். இரண்டாவது எண் சிப்பைக் குறிக்கும். மடிக்கணினியின் மாதிரிப் பெயரை வைத்துத் தேடுவதைவிட இந்த எண் இணையை வைத்துத் தேடினால் மிகத் துல்லியமான விடைகள் கிடைக்கும். அதே வரிகளுக்குக் கீழே எந்த இயக்கி பயன்பாட்டில் உள்ளது என்ற வரியும் வரும். அந்த வரி இல்லையென்றால், அந்தச் சிப்பை இயக்க உங்கள் கெர்னலில் எதுவும் முன்வரவில்லை என்று பொருள்.

இயக்கி இருந்தும் சிப்பு இயங்காமல் போவதும் உண்டு. இக்காலச் சிப்புகளில் பெரும்பாலானவை தமக்குள் இயங்கும் நிரலான ஃபர்ம்வேர் கோப்பை ஒவ்வொரு முறையும் இயக்க முறைமையிடமிருந்து பெற்றுக்கொண்டே வேலையைத் தொடங்குகின்றன. அந்தக் கோப்பு இல்லாவிட்டால், கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையின் வெளியீட்டில், ஃபர்ம்வேரை ஏற்ற முடியவில்லை என்ற செய்தி -2 என்ற பிழை எண்ணுடன் இருக்கும். -2 என்பதற்குக் கோப்பு காணப்படவில்லை என்பதே பொருள். டெபியன் 11 வரை கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேர் அதிகாரப்பூர்வ நிறுவியில் சேர்க்கப்படவில்லை, இதனால் வைஃபை இல்லாமல் திண்டாடியவர்கள் ஏராளம். 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து அந்த நிலையை மாற்றினார்கள், 12ஆம் பதிப்பு முதல் அவை நிறுவியிலேயே வருகின்றன. ஆகவே உங்கள் புதிய கணினியில் ஃபர்ம்வேரைவிட கெர்னல் பதிப்பையே நான் முதலில் சந்தேகிப்பேன்.

2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13ஐ அதில் பயன்படுத்துங்கள். அதன் கெர்னல் 6.12. ஆய்வகத்தில் உள்ள அதே 12ஆம் பதிப்புதான் வேண்டும் என்றால், பழைய பதிப்புக்குப் புதிய மென்பொருள்களைத் தரும் டெபியன் 12இன் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து 6.12 கெர்னலை நிறுவலாம். அப்போது ஃபர்ம்வேர் தொகுப்புகளையும் அதே களஞ்சியத்திலிருந்து எடுக்க மறக்க வேண்டாம். புதிய இயக்கி தேடும் கோப்பு பழைய ஃபர்ம்வேர் தொகுப்பில் இருக்காது. வைஃபை இல்லாத கணினியில் இவற்றைப் பதிவிறக்குவது எப்படி என்ற கவலை வேண்டாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, கைப்பேசியின் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால், தனி இயக்கி எதுவும் தேவைப்படாமலே இணைய இணைப்பு வந்துவிடும்.

எஸ்எஸ்டி தெரியாததற்குக் காரணம் வேறு. புதிய இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றில் பயாஸ் அமைப்பில் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் மென்பொருளின் அமைப்பு) விஎம்டி அல்லது ஆர்எஸ்டி என்ற வட்டு மேலாண்மை முறை தொழிற்சாலையிலேயே இயக்கப்பட்டு வருகிறது. அந்த நிலையில் எஸ்எஸ்டி நேரடியாகத் தெரியாமல் ஒரு திரைக்குப் பின்னால் இருக்கும். அதை அணைத்தால் வட்டு தெரியும். ஆனால் உடனே அணைத்துவிடாதீர்கள். விண்டோஸ் 11 பெரும்பாலான புதிய கணினிகளில் வட்டை பிட்லாக்கர் என்ற மறைக்குறியாக்க வசதியால் பூட்டி வைத்திருக்கிறது. பயாஸில் இத்தகைய மாற்றம் செய்தால் அது மீட்புத் திறவுகோலைக் கேட்கும். முதலில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து அந்த 48 இலக்கத் திறவுகோலைத் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், தேவையான கோப்புகளை வெளி வட்டில் படியெடுத்துவிடுங்கள். அதன்பின் விண்டோஸை அடுத்த முறை சேஃப் மோடில் (அடிப்படை இயக்கிகளுடன் மட்டும்) தொடங்குமாறு அமைத்து, பயாஸில் விஎம்டியை அணைத்து, ஒருமுறை சேஃப் மோடில் தொடங்கவிட்டுப் பிறகு இயல்பு நிலைக்கு மாற்றுங்கள். இந்த ஒழுங்கில் செய்தால் விண்டோஸும் பழுதின்றித் தொடங்கும்.

நொய்யல் எழுதியது

முனையம் அவர்கள் புதிய கணினியைப் பற்றி விரிவாக எழுதிவிட்டதால், நான் பழையதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பழைய மடிக்கணினிகளைத் தூக்கி எறியாமல் மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவது எனக்கு மிகவும் பிடித்த வேலை. பத்தாண்டு பழைய வன்பொருளுக்கு லினக்ஸைப் போல ஆதரவு தரும் இயக்க முறைமை வேறு இல்லை என்றே சொல்வேன். ஏனென்றால் இயக்கி ஒருமுறை கெர்னலுக்குள் சேர்ந்துவிட்டால், தயாரித்த நிறுவனம் அந்தச் சிப்பை மறந்துவிட்ட பிறகும் கெர்னலைப் பராமரிப்பவர்கள் அதைச் சுமந்துகொண்டு வருகிறார்கள்.

ரௌட்டருக்குப் பக்கத்தில் மட்டும் அலை கிடைப்பது, அந்தக் காலத்து விலை குறைந்த மடிக்கணினிகளில் நன்கு அறியப்பட்ட அறிகுறி. ஆர்டிஎல்8723பிஇ போன்ற சிப்புகளில் ஆன்டெனாவை இணைக்க இரண்டு முனைகள் உண்டு. செலவைக் குறைப்பதற்காகச் சில மடிக்கணினித் தயாரிப்பாளர்கள் ஓர் ஆன்டெனாவை மட்டும் பொருத்தினார்கள். எந்த முனையில் பொருத்தினோம் என்பதைச் சிப்பின் நினைவகத்தில் சரியாகப் பதியாமல் விட்டதும் உண்டு. லினக்ஸ் இயக்கி அந்தப் பதிவை நம்பி, கம்பியே இல்லாத முனையில் அலையைத் தேடிக்கொண்டிருக்கும். எல்எஸ்பிசிஐ வெளியீட்டில் உங்கள் சிப்பு இதுதான் என்று தெரிந்தால், எட்சி கோப்பகத்தில் உள்ள மோட்ப்ரோப்.டி உட்கோப்பகத்தில் ஒரு சிறு கோப்பை உருவாக்கி, அந்த இயக்கிக்கு ஆன்ட்_செல் என்ற தெரிவை 2 என்று கொடுத்துக் கணினியை மீண்டும் தொடங்குங்கள். மாற்றம் இல்லையென்றால் 1 என்று கொடுத்துப் பாருங்கள். எதையும் திறக்காமல், ஒரே வரியில் முடியக்கூடிய வேலை இது.

அதிலும் சரியாகவில்லை என்றால் வைஃபை அட்டையையே மாற்றிவிடலாம். 2017இல் வந்த கணினிகளில் அது பெரும்பாலும் கழற்றக்கூடிய எம்.2 அட்டையாகவே இருக்கும். இன்டெல் ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 வாங்குங்கள். முதலாவதற்கு 5.1 கெர்னலும் இரண்டாவதற்கு 5.10 கெர்னலும் போதும், ஆகவே டெபியன் 12இல் இரண்டும் தடையின்றி இயங்கும். கடைக்காரர் ஏஎக்ஸ்201 அல்லது ஏஎக்ஸ்211 கொடுத்தால் வாங்காதீர்கள். வடிவத்தில் வேறுபாடு தெரியாது. ஆனால் அவற்றில் வைஃபையின் ஒரு பகுதி மட்டுமே அட்டையில் உள்ளது, மறுபகுதி இன்டெலின் குறிப்பிட்ட தலைமுறைச் செயலிகளுக்குள்ளேயே இருக்கிறது. ஏழாம் தலைமுறையிலோ ஏஎம்டி கணினிகளிலோ அவை உயிர்பெறவே மாட்டா. மேலும், அந்தக் காலத்துச் சில கணினிகளின் பயாஸ் தன் பட்டியலில் இல்லாத வைஃபை அட்டையைக் கண்டால் தொடங்கவே மறுக்கும். உங்கள் மாதிரியின் சேவைக் கையேட்டையும் பிறரது அனுபவத்தையும் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

என்விடியா சிப்பைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அது மாக்ஸ்வெல் அல்லது பாஸ்கல் தலைமுறையைச் சேர்ந்ததாக இருந்தால், என்விடியாவின் 580 இயக்கி வரிசையே அதை ஆதரிக்கும் கடைசி வரிசை. டெபியன் 12இல் 535 வரிசையும் 13இல் 550 வரிசையும் இருப்பதால் உங்களுக்கு இப்போது சிக்கல் இல்லை. என்விடியா 2022இல் கெர்னல் கூறுகளைத் திறந்த மூலமாக வெளியிட்டது உண்மைதான், ஆனால் அது 2018இல் வந்த டூரிங் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. எழுதுவது, படிப்பது, நிகழ்படம் பார்ப்பது ஆகியவைதான் பயன்பாடு என்றால் அந்தச் சிப்புக்குத் தனி இயக்கி எதையும் நிறுவாமல் விட்டுவிடுங்கள். செயலியோடு இணைந்த இன்டெல் கிராபிக்ஸ் அந்த வேலைகள் அனைத்துக்கும் தாராளமாகப் போதும், மின்கலமும் கூடுதல் நேரம் நிற்கும்.

பொருநை எழுதியது

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பழைய கணினியில் ஆன்டெனா தெரிவை மாற்றியதும் வீட்டின் எல்லா அறைகளிலும் வைஃபை கிடைக்கிறது. அட்டை வாங்கத் தேவையே ஏற்படவில்லை.

புதியதில் டெபியன் 13ஐப் பென் டிரைவிலிருந்து இயக்கியபோது வைஃபை வந்துவிட்டது. திறவுகோலை எழுதிவைத்துக்கொண்டு, நீங்கள் சொன்ன ஒழுங்கில் விஎம்டியை அணைத்தேன். இப்போது நிறுவிக்கு எஸ்எஸ்டி தெரிகிறது, விண்டோஸும் வழக்கம்போலத் தொடங்குகிறது. உறக்கநிலைச் சிக்கலும் கேமராவும் மட்டும் மீதமிருக்கின்றன. யூஎஸ்பி சாதனங்களைக் காட்டும் எல்எஸ்யூஎஸ்பி பட்டியலில் கேமரா போன்ற எதுவும் இல்லை. எல்எஸ்பிசிஐ பட்டியலில் மல்ட்டிமீடியா கன்ட்ரோலர் என்ற ஒரு வரி இருக்கிறது. நிறுவுவதற்கு முன் இவ்விரண்டும் சரியாகுமா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

சேர்வராயன் எழுதியது

உறக்கநிலையைப் பற்றி எழுதுகிறேன். மடிக்கணினியில் லினக்ஸ் பயன்படுத்துவோர் பலர் மனம் வெறுத்து விலகுவதற்கு இதுவே காரணமாக இருப்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முன்பெல்லாம் மூடியை மூடினால் கணினி எஸ்3 என்ற நிலைக்குச் செல்லும். நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் கொடுத்துவிட்டு மற்ற அனைத்தையும் பயாஸே அணைத்துவிடும், இயக்க முறைமைக்கு அதில் பெரிய பொறுப்பு இல்லை. கைப்பேசியைப் போல உறங்கும்போதும் அஞ்சலைப் பெற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்ற நோக்கில் மைக்ரோசாஃப்ட் மாடர்ன் ஸ்டாண்ட்பை முறையை முன்வைத்த பிறகு நிலைமை மாறியது. 2020இல் வந்த இன்டெலின் 11ஆம் தலைமுறை முதல் பல தயாரிப்பாளர்கள் எஸ்3 வசதியைப் பயாஸிலிருந்தே நீக்கிவிட்டார்கள். புதிய முறையில் கணினி உண்மையில் அணைவதில்லை. ஒவ்வொரு பாகத்தையும் அதனதன் இயக்கியே தனித்தனியாகத் தாழ்ந்த மின்நிலைக்குக் கொண்டுபோக வேண்டும், எல்லாம் இறங்கிய பிறகுதான் செயலி மிக ஆழ்ந்த நிலைக்குச் செல்லும். ஒரே ஒரு பாகம் விழித்திருந்தாலும் மொத்தக் கணினியும் அரைத்தூக்கத்திலேயே இருந்து மின்கலத்தைக் கரைத்துவிடும். நீங்கள் கண்ட சூடு அதனால் வந்ததே.

சிஸ் கோப்பகத்தில் பவர் என்பதன் கீழ் மெம்_ஸ்லீப் என்ற கோப்பு இருக்கும், அதைத் திறந்து பாருங்கள். டீப் என்ற சொல்லும் அதில் இருந்தால் உங்கள் கணினி எஸ்3ஐ இன்னும் தருகிறது என்று பொருள், கெர்னலின் தொடக்க வரியில் அதைத் தேர்ந்தெடுக்கலாம். எஸ்2ஐடில் என்பது மட்டும் இருந்தால் புதிய முறைதான். சில மடிக்கணினிகளின் பயாஸில் உறக்கநிலையை லினக்ஸுக்கு ஏற்றதாக மாற்றும் தெரிவு ஒன்று இருக்கும், அதையும் தேடிப் பாருங்கள். பயாஸ் தராத எஸ்3ஐ அட்டவணைத் திருத்தங்கள் மூலம் வலிந்து கொண்டுவரும் வழிகளைச் சிலர் பரிந்துரைப்பார்கள். தயாரிப்பாளர் சோதித்துப் பார்க்காத அந்த நிலையிலிருந்து கணினி விழிக்காமலே போகக்கூடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நீங்கள் முன்பு பார்த்த மின்கலக் குறைவை இறுதியானதாகக் கொள்ள வேண்டாம். அப்போது விஎம்டி இயங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் உள்ள எஸ்எஸ்டி தாழ்ந்த மின்நிலைக்கு இறங்காமல் செயலியின் ஆழ்ந்த உறக்கத்தைத் தடுப்பது பழைய கெர்னல்களில் நன்கு அறியப்பட்ட சிக்கல். மேலும் நீங்கள் பென் டிரைவிலிருந்து இயக்கியபடியே சோதித்தீர்கள். யூஎஸ்பியில் செருகியுள்ள சாதனம் ஒன்று அந்தப் பகுதியையே விழித்திருக்கச் செய்யலாம். எனவே எஸ்எஸ்டியில் நிறுவிய பிறகு, எதையும் செருகாமல் ஓர் இரவு மூடிவைத்துப் பாருங்கள். அப்போதும் குறைவு மிகுதியாக இருந்தால், இன்டெல் கணினிகளில் கெர்னலின் டீபக் கோப்பகத்தில் பிஎம்சி_கோர் என்பதன் கீழ் எஸ்எல்பி_எஸ்0 என்று தொடங்கும் கோப்பில் உள்ள எண்ணை உறக்கத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள். எண் கூடியிருந்தால் ஆழ்ந்த நிலை எட்டப்பட்டுள்ளது. அப்படியே இருந்தால் ஏதோ ஒரு பாகம் தடுக்கிறது. ஏஎம்டி கணினி வைத்திருப்பவர்களுக்கு, தடுக்கும் பாகத்தைக் கண்டறிய அந்நிறுவனமே ஒரு பைத்தான் நிரலை வெளியிட்டிருக்கிறது.

வட்டில் நிலையை எழுதிவிட்டு முழுதாக அணையும் ஹைபர்னேட் முறையை மாற்றாகக் கருதுவீர்களானால், கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் வசதி இயங்கும்போது டெபியன், ஃபெடோரா ஆகியவற்றின் கெர்னல்கள் அதை அனுமதிப்பதில்லை என்பதை அறிந்துகொள்ளுங்கள். வட்டில் எழுதிய நிலையை யாரேனும் மாற்றிவைத்துக் கையொப்பச் சோதனையைக் கடந்துவிடக்கூடும் என்பதே காரணம். விண்டோஸும் உடனிருக்கும் கணினியில் செக்யூர் பூட்டை அணைப்பதைவிட, இரவில் கணினியை முழுமையாக அணைத்துவிடும் பழக்கத்தைத் தம்பிக்குச் சொல்லிக்கொடுப்பது எளிது.

டெபியன் 13 தொடர்பாக ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சி மொழி நிரல்களைத் தொகுக்கும் கருவியான ஜிசிசி, ஆய்வகத்தில் உள்ள டெபியன் 12இல் 12ஆம் பதிப்பு, உங்கள் டெபியன் 13இல் 14ஆம் பதிப்பு. தலைப்புக் கோப்பைச் சேர்க்காமல் ஒரு செயற்கூற்றை அழைத்தால் பழையது எச்சரிக்கை மட்டும் தரும், புதியது பிழை என்று நிறுத்திவிடும். ஆய்வகத்தில் ஓடிய நிரல் வீட்டில் ஓடவில்லையே என்று தம்பி வன்பொருளின் மேல் ஐயம் கொள்ள வேண்டாம். முதலாண்டு மாணவருக்கு இந்தக் கண்டிப்பு நன்மைதான் என்பதால், முனையம் அவர்களின் பரிந்துரையையே நானும் வழிமொழிகிறேன்.

கொள்ளிடம் எழுதியது

கேமராவுக்கும் அத்தையின் மடிக்கணினிக்கும் சேர்த்து விடை சொல்கிறேன், ஏனென்றால் இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை.

மடிக்கணினிக் கேமராக்கள் நெடுங்காலமாக உட்புறத்தில் யூஎஸ்பி வழியாகவே இணைக்கப்பட்டு வந்தன. அவற்றுக்கான பொது இயக்கி 2008 முதலே கெர்னலில் இருப்பதால் அவை எந்த லினக்ஸிலும் இயங்கும். உங்கள் கணினியில் எல்எஸ்யூஎஸ்பி பட்டியலில் கேமரா இல்லாமல், எல்எஸ்பிசிஐ பட்டியலில் அந்த மல்ட்டிமீடியா வரி இருப்பது, அது எம்ஐபிஐ வகைக் கேமரா என்பதைக் காட்டுகிறது. இவ்வகையில் உணரி பச்சைத் தரவை மட்டும் அனுப்பும். வெள்ளைச் சமநிலை, ஒளி அளவு, இரைச்சல் நீக்கம் ஆகிய அனைத்தையும் கணினியே செய்து படமாக்க வேண்டும். இன்டெலின் ஐபியு6 என்ற இத்தகைய அமைப்புக்கு, தரவைப் பெறும் பகுதிக்கான இயக்கி 2024 ஜூலையில் வந்த 6.10 கெர்னலில்தான் சேர்ந்தது. படமாக்கும் வேலையை லிப்கேமரா என்ற திறந்த மூல நிரலகம் மென்பொருள் வழியாகச் செய்கிறது. இதற்கு மேல் உங்கள் குறிப்பிட்ட உணரிக்கும் தனி இயக்கி இருக்க வேண்டும். 2024 இறுதியில் வந்த ஃபெடோரா 41 இவற்றை ஒருங்கிணைத்துத் தரத் தொடங்கியது. ஆயினும் உங்கள் ஃபெடோரா சோதனையிலும் கேமரா வராததால், உணரிக்கான இயக்கி இன்னும் சேரவில்லை என்றே கருதுகிறேன். புதிய கெர்னல்களில் அது வரலாம். அதுவரை இணையவழி வகுப்புகளுக்கு ஒரு சாதாரண யூஎஸ்பி வெப்கேமராவைப் பயன்படுத்துங்கள். இந்த ஒரு காரணத்துக்காக மடிக்கணினியை ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

அத்தைக்கு வாங்கும்போது இந்தத் தொல்லையைத் தவிர்த்துவிடலாம். உபுண்டு நிறுவனமான கனோனிக்கல் தன் சோதனையில் தேறிய மடிக்கணினிகளின் பட்டியலை வெளியிடுகிறது. டெல்லும் லெனோவோவும் சில மாதிரிகளை லினக்ஸுடனேயே விற்றுவருகின்றன. ஆனால் பட்டியலில் மாதிரிப் பெயர் இருப்பதை மட்டும் பார்க்காமல், எந்த வைஃபை சிப்புடனும் எந்தக் கேமராவுடனும் சோதிக்கப்பட்டது என்ற விவரத்தையும் பாருங்கள். அதே பெயரில் வேறு கேமராவுடன் விற்கப்படும் வடிவத்துக்கு அந்தச் சான்று பொருந்தாது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடப்பட்டிருந்ததைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். ஒரே வகைக் கணினிகளைப் பெருந்தொகையாக வாங்கும்போது ஒன்றில் சோதித்தால் அனைத்துக்கும் போதும். தனியாள் கடையில் வாங்கும்போது அந்த வாய்ப்பு இல்லை, நாமே சோதித்தாக வேண்டும்.

ஆகவே கடைக்குப் போகும்போது ஃபெடோராவின் அண்மைப் பதிப்பை ஏற்றிய பென் டிரைவை எடுத்துச் செல்லுங்கள். காட்சிக்கு வைத்த கணினியில் அதை இயக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். வட்டில் எதுவும் எழுதப்படாது என்று விளக்கினால் பல கடைக்காரர்கள் மறுப்பதில்லை. சில புதிய கணினிகளில் மைக்ரோசாஃப்டின் மூன்றாம் தரப்புச் சான்றிதழ் அணைக்கப்பட்டிருப்பதால் லினக்ஸ் பென் டிரைவ் மறுக்கப்படும். பயாஸில் அதை இயக்க வேண்டும், ஆனால் பிட்லாக்கர் இருக்கும் கணினியில் கடைக்காரரின் ஒப்புதலின்றி அதைத் தொடாதீர்கள். தொடங்கியதும் வைஃபையையும் கேமராவையும் பாருங்கள். ஒலியைச் சோதிக்கும்போது ஒலிபெருக்கியோடு நின்றுவிடாமல் உட்புற ஒலிவாங்கியிலும் ஒரு சொல் பேசிப் பதிவு செய்யுங்கள். புதிய கணினிகளில் ஒலிவாங்கி தனி ஃபர்ம்வேரைச் சார்ந்திருப்பதால் ஒலிபெருக்கி இயங்கியும் இது இயங்காமல் போவதுண்டு. ஒலி அமைப்பில் டம்மி அவுட்புட் என்று மட்டும் காட்டினால் சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர் தொகுப்பு இல்லை என்று ஊகிக்கலாம், அது நிறுவிய பின் சரியாகக்கூடியது. கைரேகை உணரிக்கு எல்எஸ்யூஎஸ்பி தரும் எண்ணை லிப்எஃப்பிரிண்ட் திட்டத்தின் ஆதரவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் இல்லையென்றால் பின்னாளில் வரும் என்ற நம்பிக்கையில் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

கடையில் சோதிக்க முடியாமல் இணையத்தில் வாங்குவதாக இருந்தால், அந்த மாதிரி சந்தைக்கு வந்து ஓராண்டு ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அதற்குள் பெரும்பாலான சிப்புகளுக்கான இயக்கிகள் கெர்னலில் சேர்ந்திருக்கும், மற்றவர்களின் எல்எஸ்பிசிஐ வெளியீடுகளும் லினக்ஸ்-ஹார்ட்வேர் தளத்தில் பதிவாகியிருக்கும். பொருநை அவர்களே, நீங்கள் நிறுவி முடித்ததும் உங்கள் இரண்டு கணினிகளின் விவரத்தையும் எச்டபிள்யூ-புரோப் கருவி மூலம் அங்கே பதிந்துவிடுங்கள். கேமரா உணரியின் பெயரை இங்கேயும் எழுதினால், அதற்கான இயக்கி எந்த நிலையில் இருக்கிறது என்று தேடிச் சொல்கிறேன்.